எட்டு என்று சொன்னது நான்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் தம்பியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் நினைப்பு. அம்மாவின் முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்காமல் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகிறாள், சொன்னால் "நீங்க போடுங்களேன்" என்கிறாள். தம்பிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

எங்கள் ஆபீஸில் சம்பள உயர்வு கிடைத்ததைத் தம்பி சொல்லக் கேட்டு, "அப்பா ஹீரோ, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்று நீ அனுப்பியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் பாதியில் மழுப்பிவிடுவேன்.

நாங்கள் கேட்டது பன்னிரண்டு சதவீதம், நிர்வாகம் ஆரம்பித்தது நாலில். எட்டுக்குக் கீழே இறங்குவதில்லை என்று சங்கத்தின் பேச்சுவார்த்தைக் கமிட்டியில் இருந்த நாங்கள் ஐந்து பேர் மட்டும் பேசி வைத்திருந்தோம். பேச்சுவார்த்தை நாட்களில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, இடைவேளையில் யாரும் அதிகாரிகளோடு தனியாக நிற்கக் கூடாது, கழிப்பறைக்குக்கூட இரண்டு பேராகத்தான் போக வேண்டும். எனக்கு ஜோடி குப்பை லாரி டிரைவர். "ஒண்ணுக்குப் போறதுக்கும் துணையாண்ணே, இதுக்கு உங்களையே கல்யாணம் கட்டியிருக்கலாம்" என்று சிரிப்பார். மூன்றாம் நாள் லாரி வழியில் நின்றுவிட்டது என்று போன் வந்து அவர் கீழே ஓடினார், நான் படிக்கட்டு ஜன்னலோரம் தனியாக நின்றேன். கணக்கு அதிகாரி இரண்டு கையிலும் டீயோடு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டி, "எடுத்துக்குங்க சார்" என்றார். இருபத்தாறு வருஷமாக அந்த நகராட்சிக் கட்டிடத்தில் நான் "யோவ் வரி செக்‌ஷன்"தான் பாப்பா. அதிகாரிகள் யாரும் என்னை சார் என்றதில்லை. உன் படிப்பைக் கேட்டார், வேலையைக் கேட்டார், நான் போனில் உன் போட்டோவைக் காட்டினேன். "உங்களை மாதிரி விவரமானவங்க இருக்கிறதாலதான் பேச முடியுது, எவ்வளவு வந்தா உங்க ஆளுங்க எந்திரிச்சுப் போயிட மாட்டாங்க?" என்றார். "எட்டுன்னா நான் சமாளிச்சிடுவேன் சார்" என்றேன். அவ்வளவுதான். லஞ்சம் இல்லை, மிரட்டல் இல்லை, ஒரு டீ, ஒரு சார்.

உள்ளே போனதும் எட்டு என்றார்கள். அதற்கு மேல் கால் சதவீதம் நகரவில்லை. யாரோ சொல்லிவிட்டார்கள் என்று சங்கத்தில் கொதித்தார்கள், இடைவேளையில் கண்ணில் படாமல் போனவர் டிரைவர்தானே, அவர் தலையில் விழுந்தது. "எவ்வளவுக்குடா போனே" என்று ஒருத்தர் சட்டையைப் பிடித்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் லாரி ஷெட்டுக்குப் போய் அவரிடம் மட்டும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். "இப்ப வாயைத் திறக்காதீங்கண்ணே. கோபத்துல ஒப்பந்தமே வேணாம்னுடுவாங்க, அவனுங்க நாலுல இருந்து திரும்ப ஆரம்பிப்பானுங்க. பெருக்குற பொம்பளைங்களால இன்னும் ஆறு மாசம் தாங்க முடியாது. கையெழுத்தாகட்டும், அப்புறம் சொல்லுங்க" என்றார்.

கையெழுத்தாகிப் பத்தொன்பது நாள் ஆகிறது. நான் சொல்லவில்லை. கமிட்டியிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். அவர் வந்தால் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்துகொள்கிறார்கள், பெருக்கும் பெண்கள்கூட. எந்தப் பெண்களுக்காக வாயை மூடிக்கொண்டாரோ அவர்களே. என்னைப் பார்த்தால் "வாங்கண்ணே" என்று எப்போதும்போல் சொல்கிறார், எப்போது சொல்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன். அதிகாரி இப்போது என்னைப் பார்த்தால் தலையைக்கூட அசைப்பதில்லை.

திங்கட்கிழமை பொதுக்குழு. பேச ஐந்து நிமிஷம் வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டேன். "நன்றியுரையாண்ணே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உன் அப்பனுடைய லட்சணம் இதுதான், தெரிந்துகொள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, அவளிடம் திங்கட்கிழமை கூட்டத்துக்குக் கிளம்பும் முன் நானே சொல்வேன்.

நீ இதற்காக அழாதே, அங்கே யாரிடமும் திருத்திச் சொல்லிக்கொண்டும் இருக்காதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதத்துக்கு இப்போது என்ன மதிப்போ, இருப்பதை முழுதாக உனக்கே தருகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணு. சாப்பிட்டீர்களா, கால்வலி எப்படி என்றெல்லாம் கேட்காதே. எடுத்ததும் "சொன்னீங்களா" என்று கேள். நான் பேச்சை மாற்றினால் விடாதே.

இப்படிக்கு,
அப்பா