அபிஷாவின் நடை

வியாழன் இரவு, ஆஸ்பத்திரி

காய்ச்சல் விட்டது, இருமலும் குறைந்தது என்று நேற்றுதான் நிம்மதியாக இருந்தேன். இன்று காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் என் மகள் அபிஷா சுவரைப் பிடித்தாள். "அம்மா, தரை ஆடுது" என்றாள். தம்ளரை எடுக்க நீட்டிய கை விலகி விலகிப் போனது.

"கிடந்து எழும்பின தளர்ச்சியாக்கும்" என்றார் அவள் அப்பா. எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் ஊர் பாறசாலையிலிருந்து கார் பிடித்து திருவனந்தபுரம் கொண்டுவந்தோம்.

டாக்டர் அவளை நடக்கச் சொன்னார். நடந்த உடனேயே ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். காய்ச்சலையும் இருமலையும் உண்டாக்கிய அதே கிருமியால் சில பிள்ளைகளுக்கு மூளையிலும் வீக்கம் வருமாம். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். அபிஷா அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மருந்து ஏறத் தொடங்கியதும், "பழையபடி நடப்பாளா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அநேகம் பிள்ளைகள் நடக்கும். நமுக்கு நோக்காம்" என்றார், பார்ப்போம் என்று மலையாளத்தில்.

அநேகம் என்றால் எல்லாப் பிள்ளைகளும் இல்லையே.

தூங்குவதற்கு முன்னால் அபிஷா கேட்டாள்: "சர்ச்சில பாட்டுப் போட்டி உண்டுல்லா அம்மா? நான் நின்னு பாடாண்டாமா?"

"நாற்காலியில இருந்துகிட்டும் பாடலாம் மக்கா" என்று சொல்லிவிட்டேன்.

நிற்பாய் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை ஏன் என் வாயில் வரவில்லை?