மாறி ஏறும் பிளாட்பாரம்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள், பாதி திருத்தினேன்.

மாலை அருளைப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். பக்கவாதம் வந்து நாலாவது மாதம். வலது கை, வலது கால், பேச்சு. "முதல் ஆறு மாசத்துல உங்க ஹஸ்பண்டுக்கு எவ்வளவு திரும்பி வருதோ அதுதான் மேடம், அப்புறம் கஷ்டம்" என்கிறார் டாக்டர். பிசியோதெரபிப் பயிற்சி ஈக்காட்டுத்தாங்கலில். கிடைத்தது ஆறு மணி ஸ்லாட் மட்டும். ஊரே வீடு திரும்புகிற நேரம். மழையில் ஆட்டோ எதுவும் நந்தனத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் வர மாட்டேன் என்கிறது. அதனால் மெட்ரோ. நடுவில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, வேறு தளம் ஏறி, வேறு வண்டி மாற வேண்டும். மாறிய பிறகு அடுத்த ஸ்டேஷனே நாங்கள் இறங்க வேண்டியது. அந்த ஒரு ஸ்டேஷனுக்குத்தான் இவ்வளவு பாடு.

இன்று மூன்று வண்டி விட்டோம். கதவு திறந்தால் உள்ளே முதுகுகள் மட்டும். பின்னால் ஒரு பெண்: "ஏறுறதுன்னா ஏறுங்க ஆன்ட்டி, இல்லன்னா நகருங்க."

எந்தக் கையைப் பிடிப்பது என்பதே பிரச்சினை. இடது கையை நான் பிடித்தால் அவருக்குக் கம்பி பிடிக்கக் கை இல்லை. வலது கையைப் பிடித்தால் பிடித்திருப்பதே அவருக்குத் தெரியாது.

பால், மாத்திரை, குடை ரிப்பேர்.

நவம்பர் 11, செவ்வாய்

ஸ்டேஷன் அலுவலக அறை. நாற்காலி கொடுத்தார்கள். சும்மா உட்கார முடியவில்லை. தாள் திருத்தும் சிவப்புப் பேனாவால் எழுதுகிறேன்.

அருளைக் காணோம்.

கதவு திறந்தது. பின்னாலிருந்து ஒரே தள்ளு. அவர் உள்ளே, நான் வெளியே. வலது கையைத்தான் பிடித்திருந்தேன். நழுவியது அவருக்குத் தெரிந்திருக்காது. கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம், யாரோ ஒருவரின் பைக்கு மேலே.

அடுத்த வண்டியில் ஏறி ஈக்காட்டுத்தாங்கலில் இறங்கினேன். அங்கே இல்லை. இறங்கியிருக்க முடியாது, அந்தக் கூட்டத்தில் வாசலுக்கு வந்திருக்க முடியாது. பெயர் கேட்டால் சொல்ல வராது. போன் வீட்டில். நான்தான் சார்ஜில் போட்டேன்.

அலுவலர் சின்ன வயசுக்காரர். "கேமராவுல பாத்துக்கிட்டே இருக்கோம்மா. என்ன கலர் சட்டை?"

நீலக் கட்டம். இல்லை, அது நேற்று. மாதாவே, இன்று என்ன சட்டை போட்டுவிட்டேன்?

ஒன்று எழுதியே ஆக வேண்டும். கதவு மூடியதும் ஒரு நொடி, ஒரே நொடி, தோள் லேசாக இருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடமும் முடியாது.

கூப்பிடுகிறார்கள்.

நவம்பர் 12, புதன்

லீவு. அருள் தூங்குகிறார். நேற்று நடந்தது.

கேமராவில் காட்டினார்கள். மூன்று ஸ்டேஷன் தள்ளி, பிளாட்பாரத்தில் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஆட்கள் சுற்றிப் போகிறார்கள். ஒரு பெண், தன் குழந்தையை இழுத்துக்கொண்டு விலகுகிறாள். பிறகு இரண்டு காவலாளிகள் வந்து பேசுகிறார்கள். அருள் வாயைத் திறக்கிறார். சத்தம் இல்லாத படம், ஆனாலும் எனக்குக் கேட்டது: "ழே... ழே." என்னைத்தான், ரெஜி என்று. அவர்கள் இரண்டு பக்கமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார்கள்.

அலுவலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "குடிச்சிருக்கார்னு நெனச்சிருப்பாங்கம்மா."

இருபது வருஷம் பி.டி. மாஸ்டர். பீடி கூடத் தொட்டதில்லை.

அவரைத் தேடிப் போகும் வண்டியில் நானும் முழங்கையால் இடித்துத்தான் ஏறினேன். ஒரு வயதானவர் "ஏம்மா" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்டேஷனுக்குக் கீழே டீக்கடை. பெஞ்சில் அருள். பேண்ட் நனைந்திருந்தது, மழை இல்லை. கடைக்கார அம்மா தன் துண்டை அவர் மடியில் போட்டு மூடியிருந்தாள்.

"நானும் சரக்குன்னுதான் நெனச்சேன். டீ குடுத்தா ஒரு பக்கமா ஊத்திக்கினே கீது. அப்பதான் புரிஞ்சுது. எங்க நைனாவும் இப்டித்தான் இருந்தாரு. இன்னாம்மா நீ, இவர இட்டுகினு இந்தக் கூட்டத்துலயா வருவ?"

அருள் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சிக்கோ" என்றாள்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். எல்லாம் காய்ந்தது.

பயிற்சிக்கு வர மறுக்கிறார். சட்டையை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். "வேணா." இந்தச் சொல் மட்டும் தெளிவாக வருகிறது.

தலைமையாசிரியை சிஸ்டர் கூப்பிட்டார். "ரெஜினா டீச்சர், நீங்க கொஞ்ச நாள் வீட்டுல இருந்து பாத்துக்கலாமே." அன்பாகத்தான் சொன்னார். லீவு எடுத்தால் மட்டும் மத்தியான ஸ்லாட் கிடைத்துவிடுமா? பயிற்சி மையத்தில் கேட்டுப் பார்த்தேன், இல்லை.

ஆட்டோ: கிண்டி நெரிசலில் ஒன்றரை மணி நேரமாம். அவரால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது.

பயிற்சி மையத்திலிருந்து போன். "நாளைக்கும் வரலைன்னா வேற பேஷன்ட்டுக்குக் குடுத்துடுவோம் மேடம். வெயிட்டிங் நிறைய."

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் அருள் கதவருகே நிற்கிறார், தானே எழுந்து வந்து.

நவம்பர் 14, வெள்ளி

பள்ளி விட்டு வந்தபோது சட்டை போட்டிருந்தார். இடது கையாலேயே. பொத்தான் எல்லாம் ஒன்று தள்ளி. நான் சரி செய்யவில்லை.

மாறும் பிளாட்பாரத்தில் அதே கூட்டம். முதல் வண்டி போனது. இரண்டாவதும். எனக்குக் கால் நகரவில்லை.

பிறகு கத்தினேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. "இவருக்குப் பக்கவாதம்! கொஞ்சம் வழி விடுங்க!" எல்லோரும் திரும்பினார்கள். இவ்வளவு நாள் மாதா கோயிலில் யார் கேட்டாலும் "கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்றுதான் சொல்லிவந்தேன். அருள் தலையைக் குனிந்துகொண்டார்.

காலேஜ் பையன் ஒருவன் ஒதுங்கினான். "கேட்டெல்லாம் ஏற முடியாது மேடம், தள்ளித்தான் ஏறணும்" என்றார் இன்னொருவர்.

வண்டி. நான் தயங்கினேன். அருள் என் முதுகில் நெஞ்சை வைத்துத் தள்ளினார். நல்ல காலை ஊன்றி, முழு உடம்பாலும். உள்ளே விழுந்தோம். கதவு மூடியது. அவர் தாடை என் தோளில். மூச்சு வாங்குவது கழுத்தில் பட்டது.

ஈக்காட்டுத்தாங்கல் வந்தது. இறங்க முடியவில்லை. "இறங்கணும், இறங்கணும்" என்றேன். வெளியே இருந்தவர்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். கதவு மூடியது.

அதற்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கினோம். ஆறு மணி தாண்டிவிட்டது. மையத்துக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா? நோய் வந்த பிறகு இரண்டுக்கும் ஒரே முகம்தான். "என்னங்க, அழறீங்களா?" தலையாட்டினார். "சிரிக்கிறீங்களா?" அதற்கும் தலையாட்டினார்.

எதிரே ஈக்காட்டுத்தாங்கலுக்குத் திரும்பும் வண்டி வந்தது. அதிலும் கூட்டம். எழுந்தோம்.