அடையாளம் காட்ட அழைத்தார்கள்

ஆறாம் கட்டைத் தோட்டம்,
ரெம்பாவ், மலாயா.
11-3-1951

அன்பு மகன் தங்கராஜுவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நான் ஓட்டும் பாக்டரி எஞ்சினும் சுகம். எங்கள் மூவரில் அதற்குத்தான் இருமல் குறைவு. நம் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரனோடு சண்டை போடக் காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாதாம், வேலைக்குப் போகும்போது கேட்டில் தடவிப் பார்க்கிறார்கள். என் வயிற்றைத் தட்டிப் பார்த்த காவல்காரன், எல்லாம் இதற்குள்தான் போகிறது என்று விட்டுவிட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் உபகாரச் சம்பளத்தை கிளாஸ்கோ மேற்படிப்புக்கும் நீட்டிக்க வேண்டுமே, அதற்காக ஒரு துரை விசாரிக்க வந்தார். உன் அண்ணனைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். தொழிலாளர் சங்கத்தைத் தடை செய்த மாதம் அர்ச்சுனன் வீட்டை விட்டுப் போனான், இருக்குமிடம் தெரியாது என்றேன். பொய் இல்லை. காடு எவ்வளவு பெரிது, அதில் எந்த மரத்தடி என்று எனக்கு எப்படித் தெரியும்.

பிறகு ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி இராஜமாணிக்கம் தனியாகக் கூப்பிட்டார். "பெரியவன் காட்டுல இருக்கான்னு எழுத்துல வந்துச்சுன்னா சின்னவன் படிப்பு அத்தோட சரி, சன்னாசி. வாய அடக்கிக்கோ" என்றார். ஐந்தாம் வகுப்பில் என்னை வீட்டுக்கு அனுப்பிய வாத்தியாரும் வாயை அடக்கு என்றுதான் சொன்னார்.

நீ புத்தகத்தைப் பார். இங்கே நான் வாயைப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா,
சன்னாசி


ஆறாம் கட்டைத் தோட்டம்
3-8-1952

தங்கராஜுவுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தாய். சேதி ஒன்றும் இல்லை.

போன வாரம் தோட்டத்து ஆண்கள் சிலரை லாரியில் ரெம்பாவ் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். காட்டில் சுடப்பட்ட ஒருவரை அடையாளம் காட்ட அழைத்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. திரும்பிவிட்டோம்.

மழை அதிகம். நீ எஞ்சினியரிங் டாக்டர் பட்டத்தை முடி.

அப்பா


கிளாஸ்கோ
20-10-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்ல செய்தி இரண்டு. கோலாலம்பூரில் புதிதாக ஒரு பொறியியல் கல்லூரி தொடங்குகிறார்கள். மெக்கானிக்கல் பேராசிரியராகவும், கல்லூரிக்கே தலைவராகவும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். இங்கே நான்கு வருஷமாக வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு எஞ்சின் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் உங்கள் எஞ்சினின் இருமலைப் பற்றித்தான் சொல்வேன். இனி நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இரண்டாவதுதான் முக்கியம். நாடு சுதந்திரமானதும் காட்டை விட்டு வந்து சரணடைபவர்களுக்குப் புதிய அரசாங்கம் மன்னிப்பு அறிவித்திருக்கிறதே, படித்தேன். அண்ணனுக்கு எப்படியாவது தகவல் அனுப்புங்கள். வெளியே வரட்டும். கல்லூரித் தலைவன் ஒருவன் ஜாமீன் நின்றால் கேட்பார்கள். அண்ணன் ரப்பர் மரத்தில் பால் வெட்டித்தானே நான் படித்தேன். இவ்வளவு பெரிய பதவி எதற்கு அப்பா, இதற்குக்கூட உதவாவிட்டால்?

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகன்,
தங்கராஜு


ஆறாம் கட்டைத் தோட்டம்
9-11-1957

அன்பு மகனுக்கு,

வழக்கம்போல் சிரிப்பாக எழுதப் பார்த்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

ஐந்து வருஷத்துக்கு முன் ரெம்பாவ் ஸ்டேஷனில் கிடந்தது உன் அண்ணன்தான்.

பலகையில் போட்டிருந்தார்கள். தாடி வளர்ந்து, மெலிந்து, என் அப்பாவைப் போல இருந்தான். வரிசையில் நான்தான் முதல். "தெரியுமா?" என்று சார்ஜன் கேட்டார். உன் படிப்புக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. தெரியாது என்றேன்.

எனக்குப் பின்னால் பதினோரு பேர். ஒவ்வொருவரும் அவனை ஒரு தரம் பார்த்தார்கள், என் முகத்தை ஒரு தரம் பார்த்தார்கள். தெரியாது என்றார்கள். அவனுக்கு அடுத்த நிரை ரப்பர் மரங்களில் பால் வெட்டிய சந்திரன்கூட. இன்றுவரை ஒருவர்கூட உன் அம்மா காதில் போடவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் நான் கேட்கவில்லை. தெரியாத ஆளைப் பற்றி எப்படிக் கேட்பது?

ஏரோப்ளேன் போடும் மன்னிப்புத் தாள்களை உன் அம்மா பொறுக்கி வந்து, வாசிக்கச் சொல்கிறாள். ஒவ்வொன்றையும் முழுக்க வாசிக்கிறேன்.

அப்பா


கிளாஸ்கோ
2-12-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

நான்கு தடவை படித்தேன். உங்கள்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் வருகிறது. இப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லையே அப்பா.

நியமனம் இன்னும் உறுதியாகவில்லை. குடும்பத்தைப் பற்றி விசாரிக்க மறுபடியும் ஆள் வரும். அதுவரை அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவர் அழுதால் தோட்டம் முழுக்கக் கேட்கும். இரண்டு மூன்று மாதம்தான். பிறகு நானே வந்து சொல்கிறேன்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

தங்கராஜு


ஆறாம் கட்டைத் தோட்டம்
21-12-1957

அன்பு மகன் தங்கராஜுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியதால்தான் சொன்னேன். நான் செய்ததையே நீயும் செய்யப் பார்ப்பதைக் கண்டதும் பயம் வந்துவிட்டது. என் ஒருவனோடு போகட்டும்.

"எவ்வளவு கிட்ட நின்னீங்க?" என்று கேட்டாள்.

"நாலடி."

"தொட்டீங்களா?"

"இல்ல, செல்லம்."

மறுநாள் காலை கேட் திறந்ததும் ரோட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். ஓட்ட ஆளில்லாமல் அன்று எஞ்சின் நின்றது. ரெம்பாவ் ஸ்டேஷனில் கடைத்தெருவில் பழகிய பசார் மலாயில், "என் பிள்ளையைக் கேட்டு வந்திருக்கிறேன்" என்றாள். சார்ஜன் புது ஆள். எப்போது சுடப்பட்டவன் என்று கேட்டுவிட்டு, ஐந்து வருஷமாக ஏன் வரவில்லை என்றார். உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நீ யார் என்று சார்ஜன் என்னைக் கேட்டார்.

அப்பன் என்றேன். பிள்ளையின் பெயர் அர்ச்சுனன் என்றேன். எழுதிக்கொண்டார்.

ஊருக்கு வெளியே ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனார்கள். லாலாங் புல் இடுப்புயரம். எந்தக் குழி என்று அவர்களுக்கும் நிச்சயமில்லை, மூன்று இடம் காட்டினார்கள். உன் அம்மா மூன்று இடத்திலும் உட்கார்ந்து அழுதாள்.

சார்ஜன் எழுதியது உன்னை விசாரிப்பவர்கள் கைக்குப் போகும். பதவி போகலாம். போனால் என்னைத் திட்டு, அம்மாவை ஒன்றும் சொல்லாதே. நான்கு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள். நானும் கேலி எதுவும் பேசாமல் சாப்பிடுகிறேன். அது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல் போயிற்று.

இதுவரை எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டி, தம்பிக்கு ஏதாவது எழுதவா என்று கேட்டேன். "வேல கெடச்சாலும் கெடைக்காட்டியும் வரச் சொல்லுங்க" என்றாள்.

அர்ச்சுனனுக்கும் உனக்கும் அப்பன்,
சன்னாசி