மதுக்கரைச் சாலையில் தோற்ற வண்டி

நண்பா,

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மகளுக்குப் பேதிக்குக் கொடுப்பதற்காக என் மனைவி விளக்கெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். கை தவறிக் கொஞ்சம் அடுப்பில் சிந்திவிட்டது. அந்தப் புகை கூடத்துக்கு வந்ததும் நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். கோயமுத்தூரில் கணபதிப் பகுதியில் இருந்த உன் பட்டறையில், பந்தய என்ஜினுக்கென்று விளக்கெண்ணெய் கலந்த எண்ணெயை ஊற்றி முதன்முதலாக முடுக்கிய அன்று வந்த அதே வாசம். சமையலறையிலிருந்து அவளும் எட்டிப் பார்த்தாள். உன்னை அடக்கம் செய்து நான்கு மாதம் ஆகிறது.

தொழிற்கல்லூரியில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒரே பழைய மோட்டார் சைக்கிளை முறை வைத்து அவினாசி ரோட்டில் ஓட்டியவர்கள். படிப்பு முடிந்ததும் நான் அப்பாவின் மில்லுக்குப் போனேன். நீ கணபதியில் தகரக் கூரை போட்டு ஒரு பட்டறை வைத்தாய். நான் உன்னை நீ என்றே கூப்பிட்டேன். நீ மட்டும் கடைசிவரை என்னை வாங்க, போங்க என்றாய். கோயமுத்தூரில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பிறகுதான், உன் தங்கை கணவரையும் பக்கத்துப் பட்டறைக்காரரையும் நீ வா, போ என்று பேசுவது நினைவுக்கு வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில், என் அக்காவைக் கட்டிய மச்சான், இங்கிலாந்தில் செய்த இரண்டு பேர் உட்காரும் பச்சை நிற வண்டி ஒன்றை வாங்கினார். ஊரே அதைப் பார்த்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. அதே வண்டியைப் பந்தயத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் செய்திருக்கிறார்களாம், அதில் ஒன்று வால்பாறையில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் இருக்கிறதாம், அவர் ஊரைப் பார்க்கப் போகப்போகிறாராம் என்று நீதான் வந்து சொன்னாய். இருவரும் மலை ஏறினோம். தந்த நிறத்தில் நின்றது அது. பார்வைக்கு மச்சானின் வண்டிக்குக் கூடப்பிறந்தது போலத்தான் இருந்தது. நீ சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்து பானெட்டின் மேல் வைத்தாய். அது வழுக்கிக் கீழே விழுந்தது. கதவிலும் ஒட்டவில்லை. அலுமினியம்; எடை குறைய, பந்தய வண்டிக்கு மட்டும் போடுவது. அதன் பிறகுதான் உன் முகத்தில் சிரிப்பு வந்தது. அன்றே விலை பேசி வாங்கிவிட்டேன்.

திரும்பி வந்து இரண்டு வண்டிகளையும் உன் பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு நாள் முழுக்க ஒப்பிட்டுப் பார்த்தோம். மச்சானின் வண்டியில் மெத்தை வைத்த இருக்கை, சாமான் வைக்கும் பெட்டி, மழைக்குத் துணிக்கூரை எல்லாம் இருந்தன. என்னுடையதில் ஒரு தகர முறத்தைப் போன்ற இருக்கை மட்டும். அவருடையதில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாப்ட் ஒன்று, என்னுடையதில் இரண்டு. அவருடையதற்கு முன்சக்கரங்களில் மட்டும்தான் டிஸ்க் பிரேக், என்னுடையதற்கு நான்கிலும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர்களின் வாய் இதில் பெரியது, ஸ்பிரிங்கோ கல். ரோட்டில் கிடக்கும் புளியங்கொட்டையைக்கூட முதுகு எண்ணிவிடும். ஊருக்குள் மெதுவாகப் போனால் இருமும், சூடேறி நின்றுவிடும்.

"அது ரோட்டுக்குன்னு பொறந்து, வேணும்னா பந்தயத்துக்குப் போற வண்டிங்க," என்றாய். "இது பந்தயத்துக்குன்னே பொறந்து ரோட்டுல வந்து மாட்டிக்கிட்டது. ரெண்டையும் ஒரே மாதிரி ஓட்டிப்போடாதீங்க."

தை மாதக் கடைசியில் சென்னைக்கு வடக்கே பழைய விமானத் தளத்தில் பந்தயம் இருந்தது. அதற்கு முன் இரண்டு வண்டிகளையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மச்சானும் நானும் முடிவு செய்தோம். சிமென்ட் லாரிகள் ஓடாத ஒரு ஞாயிறு காலை, மதுக்கரைச் சாலை. எங்கள் மோட்டார் கிளப்பிலிருந்து பத்துப் பதினோரு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நீ கைக்குட்டையை வீசினாய். முதல் அரை மைலுக்கு என் வண்டி முன்னால் போனது. அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல அங்கேயே நின்றுவிட்டது. பச்சை வண்டி என்னைக் கடந்து போயிற்று. மெத்தை இருக்கையில் சாய்ந்தபடி மச்சான் கையை ஆட்டினார்.

உன்னிடம் வந்து கேட்டேன். புது ஊர், புது பெட்ரோல், இன்னும் பழகவில்லை, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாய். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் கை துடைக்கும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் கணத்தில்தான் சந்தேகம் எனக்குள் நுழைந்தது.

முதலில் துரையைச் சந்தேகித்தேன். நானே ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து வண்டி முழுக்க வைத்துப் பார்த்தேன். எங்கே ஒட்டக்கூடாதோ அங்கே ஒட்டவில்லை. வண்டி அசல்தான். அப்படியானால் மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் ஏதோ நடந்திருக்கிறது. இறங்கியதிலிருந்து அதைத் தொட்டவன் நீ ஒருவன்தான். மச்சானின் வண்டியையும் நீதான் பார்த்துக்கொண்டாய். அவர் போன மாதம் முழுக்க உன் பட்டறைக்கு அடிக்கடி வந்துபோனதை நினைத்தேன். உன் பட்டறைக்கு முன்னால் போடப்பட்டிருந்த புதுச் சிமென்ட் தளத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். ஒரு வாரம் இதையே அடுக்கி அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் உன் பெயரில்தான் வந்து நின்றது.

உனக்குத் தெரியாமல் வண்டியை ரேஸ் கோர்ஸ் பக்கம் வேறொரு பட்டறைக்கு ஓட்டிப்போனேன். அந்த மெக்கானிக் அரை மணி நேரத்தில் இரண்டு கார்புரேட்டர்களையும் கழற்றிவிட்டார். அவற்றுக்கும் என்ஜினுக்கும் நடுவில் இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் நாலணாக் காசு அளவுக்கு ஓர் ஓட்டை. இதை வைத்துக்கொண்டு என்ஜின் எப்படி மூச்சு விடும் என்று அவர் கேட்டார். ஓட்டையின் விளிம்பு அரம் போட்டு வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தது. அந்த வேலைப்பாடு யாருடையது என்று எனக்குத் தெரியும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான் பார் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. பிசிர் உடைந்து என் என்ஜினுக்குள் போய்விடக் கூடாதே என்று தேய்த்திருப்பாய் என்பது அப்போது தோன்றவே இல்லை.

தகடுகளை உன் மேசையில் போட்டேன். நீ மறுக்கவில்லை.

"நாந்தானுங்க வெச்சேன்."

"யாருக்காக வெச்சே?"

மச்சானுக்காகவா என்று கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாய். பிறகு யாருக்காக என்று கத்தினேன். பட்டறையில் இருந்தவர்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"அது என்னால சொல்ல முடியாதுங்க," என்றாய். "உங்களுக்குக் கெடுதல் நெனச்சு வெக்கலீங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்."

நான் கிளப்புக்குப் போனேன். மதுக்கரைச் சாலைக்கு வந்திருந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மேசையில் தகடுகளை வைத்துக் காட்டியே சொன்னேன். ஒரே மாதத்தில் உன் பட்டறை வாசலில் நின்ற வண்டிகள் குறைந்தன. பிறகு மோட்டார் சைக்கிள்கள் மட்டும் நின்றன. வெயில் காலம் முடிவதற்குள் நீ பட்டறையை மூடிவிட்டு, உன் மனைவியின் ஊரான கொடுமுடிக்குப் போய்விட்டாய். ஓடிப்போனதே குற்றத்துக்குச் சாட்சி என்று அதையும் கிளப்பில் சொன்னேன்.

தகடு இல்லாத வண்டியோடு நான் பந்தயத்துக்குப் போனேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதாக வந்தேன். ஆனால் ஐந்தாவது சுற்றில், திருப்பத்துக்கு அடையாளமாக வைத்திருந்த எண்ணெய் டிரம்மில் மோதி, எனக்கு முன்னால் போன வண்டி கவிழ்ந்தது. அதை ஓட்டியவர் அடியில் கிடந்தார். உயிர் பிழைத்தார், அதன் பிறகு நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து கோப்பையை மட்டும் காட்டினேன். நிறைமாதமாக இருந்த மனைவியிடம் மற்றதைச் சொல்லவில்லை. குழந்தை பிறந்த பிறகு வண்டியைப் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம் அது ஊருக்குள் இருமுகிறது என்றேன்.

ஐந்து வருடம் கழித்து, மகளுக்கு ஒரு வேண்டுதலுக்காகக் கொடுமுடிக் கோயிலுக்கு வந்தோம். கோயிலுக்குச் சற்று முன்னாலேயே கார் நின்றுவிட்டது. பம்புசெட்டு ரிப்பேர்க்காரர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ போய் அழைத்துவந்தார்கள். வந்தவன் நீ. நெற்றிப் பக்கம் முடி நரைத்திருந்தது. பானெட்டைத் திறந்து அறுந்த பெல்ட்டைப் பார்த்தாய். என் மனைவி காரின் மறுபக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். வேலை முடிந்ததும் மகளிடம் குனிந்தாய்.

"எத்தனை வயசாச்சு கண்ணு?"

"அஞ்சு," என்றாள்.

நீ அவளையே பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை ஈரோடு வரும்வரை நான் மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இவன் என் குழந்தையைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறான் என்று.

அதற்கு ஏழு வருடம் கழித்து, நீ போய்விட்டாய் என்ற செய்தி வந்தபோது வரமாட்டேன் என்றுதான் இருந்தேன். மாரடைப்பாம், பம்புசெட்டின் முன்னால் உட்கார்ந்தபடியேவாம். நீங்கள் வராவிட்டாலும் நான் போவேன் என்றாள் மனைவி. கல்லறைத் தோட்டத்தில் உன் மனைவியைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள். சொந்த அண்ணன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தபோதுதான் அவள் அப்படி அழுது நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த அழுகையிலும் சந்தேகம் வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் வந்தது.

திரும்பும் வழியில், காவிரிக் கரையை விட்டுச் சாலை பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"ஏனுங்க, அந்தத் தகட்டை வெக்கச் சொன்னது நானுங்க."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். வயிற்றில் ஐந்து மாதக் குழந்தையோடு, நான் மில்லில் இருந்த நேரம் பார்த்து உன் பட்டறைக்கு வந்தாளாம். அண்ணனைப் பறிகொடுத்துவிட்டேன், இவரையும் கொடுக்க முடியாது என்றாளாம். நல்ல வண்டியைக் கெடுக்கத் தன் கை வராது என்று முதலில் நீ மறுத்தாயாம். பிள்ளை பிறக்கும் வரைக்கும் மட்டும் என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் உன்னை ஊர் முழுக்கத் தூற்றியபோது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று உனக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். இந்த நேரத்தில் வீட்டில் சண்டை வேண்டாம், அம்மணியைப் பேசாமல் இருக்கச் சொல் என்று நீ பதில் அனுப்பினாயாம்.

"குழந்தை பொறந்ததுக்கு அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமில்ல," என்றேன்.

"பயமா இருந்துச்சுங்க. அப்புறம் நாள் ஆக ஆக, சொல்லாததே பெரிய தப்பாப் போச்சு."

அவளைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. துரையைச் சந்தேகித்தேன், உன்னைச் சந்தேகித்தேன், மச்சானைச் சந்தேகித்தேன். என் வீட்டுக்குள் ஒருத்தி எதைக் கண்டு பயந்துகொண்டிருக்கிறாள் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே கிளம்பினேன். அன்று யார் யாரிடம் சொன்னேனோ அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனேன். "என்மேலயும் அப்படி நெனச்சியா மாப்ள" என்று மச்சான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். ஒருவர் ஊரை விட்டுப் போயிருந்தார். கடைசியாக, அப்போது கிளப்புக்குச் செயலாளராக இருந்தவரைப் பார்த்தேன். இப்போது வயதாகிவிட்டது. நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்: இரண்டு வண்டிகள், மதுக்கரைச் சாலை, தகடு, என் மனைவி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பந்தயம், தகடு அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லீங்க. அந்தக் கணபதிக்காரரு நம்பக்கூடாத ஆளுன்னு மட்டும் மனசுல இருக்குதுங்க. ஏன்னு தெரியல."

அதை அவர் மனதில் போட்டவன் நான். எடுக்கத்தான் போனேன், எடுக்க முடியவில்லை. அவர் சொன்ன அந்த வார்த்தைதான் நண்பா, இப்போது என்னிடம் இருக்கிறது.