தங்கம் அம்மாள் இறங்க மறுத்த மாடிப்படி

ஏப்ரல் 8, திங்கள்

காலையிலேயே வெயில். இந்தக் கட்டடத்து மானேஜராக இரண்டாவது வாரம். இன்றைய வேலை: முதல் மாடி சாக்கடைக் குழாய் அடைப்பு, பேங்க் அய்யர் வீட்டு ஜன்னல் கீல், பின்கட்டில் எலி.

என் மனைவி பகவதிக்கு இன்னும் இந்த அறை பழகவில்லை. தாராவியில் குடத்தோடு வரிசையில் நின்றவள். இங்கே வீட்டுக்குள்ளேயே குழாய். காரணமில்லாமல் திறந்து பார்க்கிறாள், மூடுகிறாள். "மாட்டுங்காவுல இருக்கோம்னு ஊருக்கு எழுதிப் போடுங்க" என்கிறாள். எழுதவேண்டும். மில் ஸ்டோர்ஸ் வேலை போனபோது இப்படி ஓர் இடம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. வேலையோடு சேர்ந்த அறை. வேலை இருக்கும்வரை அறை.

பழைய மானேஜர் போகும்போது சொன்னது: "எல்லாரையும் சமாளிச்சிரலாம். ரெண்டாம் மாடி மிஸ் தங்கம் மட்டும் உம்மை ஒரு வழி பண்ணிரும்."

ட்ரங்க் டெலிபோனில் ஆபரேட்டர். பாலக்காட்டுப் பக்கம். நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடக்கும் அம்மாவோடு இருக்கிறார். ஷிஃப்ட் வேலை. பகலில் தூங்கும் நேரத்தில் ஆணி அடித்தால் மேலிருந்து குரல் வரும். சத்தம் போடும் குரல் இல்லை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. அதுதான் அதிகம் பயமுறுத்துகிறது.

ஏப்ரல் 10, புதன்

பால்காரர் காலடியில் மரப்படி உடைந்தது. முழங்கால்வரை உள்ளே போய்விட்டார். சிராய்ப்புதான், நல்ல காலம். படியெல்லாம் பால்.

தாராவியிலிருந்து காதர் பாயைக் கூட்டிவந்தேன். தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார், நம் ஊர்ப்பக்கம் கடையநல்லூர். (இனி கா.பா.) அடிமரத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினார். பிடிவரைக்கும் உள்ளே போயிற்று. மேலே பெயின்ட், உள்ளே கரையான்.

"மழைக்கு முந்தி மாத்தலைன்னா ஒரு நாள் மொத்தமா வந்துரும் அண்ணாச்சி. அன்னைக்கு யாரு படியில நிக்காங்களோ, அவுஹ பாடு."

கட்டடத்துப் பிள்ளைகள் நாள் முழுக்க அந்தப் படியில்தான் ஓடுகின்றன.

ஏப்ரல் 12, வெள்ளி

மஸ்ஜித் பந்தர் போய் கட்டடச் சொந்தக்காரர் சேட்டைப் பார்த்தேன். யோசிக்கவே இல்லை அவர். "சப் காலி கராவ்." மேலே உள்ளவர்கள் எல்லோரும் காலி செய்யட்டும் என்றார். வேலை முடிந்ததும் வரத்தானே போகிறார்கள். மரத்துக்கும் கூலிக்கும் சரி சொன்னார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மாலையில் வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். முணுமுணுப்பு, ஆனால் சம்மதம். பள்ளிக்கூட லீவு வருகிறது, ஊருக்குப் போவதாக பேங்க் அய்யர். மற்றவர்களுக்கு செம்பூரில், முலுண்டில் சொந்தக்காரர்கள்.

கடைசியில் இரண்டாம் மாடி. கதவைப் பாதி திறந்து கேட்டுக்கொண்டார்.

"நான் எறங்க மாட்டேன், மானேஜர்."

"படி இடிஞ்சிரும்மா."

"இடியட்டும். நான் மேலேயேதான் இருப்பேன்."

"அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில இடம் பாக்கச் சொல்லுதேன்."

"அதொண்ணும் வேண்டாம். சேட்டுக்கிட்டே சொல்லிடுங்கோ. தங்கம் எறங்க மாட்டாளாம்."

கதவு சாத்திக்கொண்டது. நல்லதுக்குச் சொன்னாலும் கேட்காத ஜென்மம். எரிச்சல்.

ஏப்ரல் 15, திங்கள்

தங்கம் அம்மாள் தானே கூப்பிட்டனுப்பினார். உள்ளே உட்காரச் சொன்னார். காப்பி. சுத்தமான வீடு. அடுத்த அறையில் அவர் அம்மா, கூரையைப் பார்த்தபடி.

அவர் சொன்னது, நினைவில் உள்ளபடி:

"நாங்க முன்னாடி தாதர்லதான் இருந்தோம். நான் அப்போ பத்தாங்கிளாஸ். கூரை ரிப்பேர்னு எறங்கச் சொன்னா. அப்பா ரொம்ப மரியாதைக்காரர், உடனே எறங்கிட்டார். திரும்பி வந்தப்போ எங்காத்துக் கதவுல வேற யாரோட பூட்டோ தொறந்து தொங்கறது. உள்ளே வேற மனுஷா சமைச்சிண்டிருக்கா. அப்பா வாசல்ல நின்னு கதவைத் தட்டினார். கொஞ்சம் ஜலம் கேட்டார். குடிச்சுட்டு எறங்கி வந்துட்டார். அதுக்கப்புறம் அவர் எங்கேயும் சத்தமாப் பேசி நான் கேட்டதில்லை."

அழவில்லை. யாருடைய நம்பரையோ சொல்வதுபோல் சொன்னார்.

"எங்க சேட் அப்படிப்பட்டவர் இல்லம்மா."

"கேட்டேளா? நீங்க கேட்டேளா அவர்கிட்டே?"

கேட்கவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

கேட்டேன். வேலை முடிந்ததும் எல்லோரும் திரும்ப வரலாம் அல்லவா என்று. சேட் கணக்குப்பிள்ளையிடம் வேறேதோ பேசினார். நான் நின்றேன். மறுபடி கேட்டேன்.

"பாத் மே தேக்கேங்கே." அப்புறம் பார்க்கலாம்.

வீடு திரும்பினால் வாசலில் ஒரு சாக்கு. சேட் ஆள் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். உள்ளே புதுப் பூட்டுகள். பெரிய பெரிய இரும்புப் பூட்டுகள், எண்ணெய் வாசனை போகவில்லை.

பகவதி ஒன்றை எடுத்துக் கையில் கனம் பார்த்தாள்.

"அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க பூட்டு இருக்கே. இது எதுக்கு?"

பூட்டை வாங்கிச் சாக்கில் போட்டேன். அவள் சாக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அரிசி களையப் போனாள். சற்றுக் கழித்து அங்கிருந்தே: "திரும்ப தாராவிக்குப் போனாலும் எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணிக்கு நிக்கத் தெரியும்."

அந்தக் குழாயை அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். இவளுக்கு முன்னால் நான் சின்ன ஆள்.

ஏப்ரல் 18, வியாழன்

கா.பாயை நேரே இரண்டாம் மாடிக்குக் கூட்டிப்போனேன். ஆட்கள் உள்ளே இருக்கும்போதே படி மாற்ற முடியுமா?

"நடக்காது. படியைப் பிரிச்சா எப்படி எறங்குவீங்க? பறந்தா?"

தங்கம் அம்மாள்: "முழுசும் ஒரே தடவை பிரிக்கணும்னு யார் சொன்னா? பாதி பிரியுங்கோ. இந்தப் பக்கம் பாதி இருக்கட்டும், அந்தப் பக்கம் பாதி போடுங்கோ. அப்புறம் மாத்திக்கலாம்."

கா.பா. சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கீழே போனார், படிக்கு அடியில் குனிந்து பார்த்தார், டீ குடித்தார், திரும்பவும் குனிந்தார். மேலே வந்து, "நடுவுல நெடுக ஒரு தூலம் கொடுத்துட்டா நிக்கும். ரெட்டிப்பு வேலை. ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான் ஏறலாம். பிள்ளைகளை யாரு புடிச்சு வைக்கது?"

"அதை நான் பாத்துக்கறேன்" என்றார் தங்கம் அம்மாள்.

மாலையில் மறுபடி வீடுவீடாகப் போனேன். யாரும் போக வேண்டாம். ஊருக்குப் போவதானால் வீட்டில் ஓர் ஆளை விட்டுப் போங்கள். காரணம் சொல்லவில்லை. பேங்க் அய்யர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

சேட்டுக்கு: வேலை ஆரம்பம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 24, புதன்

மரத்தூள் எங்கும். சோற்றில்கூட. வலப்பக்கம் பாதி போய்விட்டது. இடப்பக்கம் ஓர் ஆள் அகலம், ஓரத்தில் கயிறு.

தங்கம் அம்மாள் லீவு போட்டிருக்கிறார். மேல்முனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படியை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி நடத்துகிறார்.

"முதல் மாடி, லைன்ல இருங்கோ. கீழேர்ந்து ஒரு கூடை வரது... ஆச்சு. இப்போ பேசலாம், எறங்குங்கோ."

பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு முறைக்குக் காத்திருக்கின்றன. ஒருவரோடொருவர் பேசாத இரண்டு வீட்டுக்காரர்களும் அவர் குரலுக்கு வரிசையில் நிற்கிறார்கள். காய்கறிக்காரி கீழிருந்து, "பாயீ, லைன் மிலேகா க்யா?" என்று லைன் கேட்கிறாள்.

இதுவரை ஒரு தடவைகூட யாரும் இடித்துக்கொள்ளவில்லை. எனக்கு இந்தக் கட்டடத்தை நடத்தச் சம்பளம். அவருக்கு இல்லை.

கா.பா. மத்தியானம் என்னிடம்: "இந்தம்மாவை என் பட்டறைக்கு அனுப்புங்க அண்ணாச்சி. நாலு பயலுவளும் திருந்திருவானுவ."

ஏப்ரல் 30, செவ்வாய்

பத்து மணி வாக்கில் தங்கம் அம்மாளின் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். டாக்டர் வந்து பார்த்து, உடனே ஆஸ்பத்திரி என்றார்.

பாதிப் படியில் எப்படி இறக்குவது? கா.பா. ஒரு நாற்காலியில் பலகை அடித்து, கயிறு கட்டினார். அவர் கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம். ஒவ்வொரு படியிலும் அவர் முதலில் கால் வைத்து, தம் பாரத்தைப் போட்டுப் பார்த்து, பிறகு "வாங்க" என்றார்.

டாக்ஸியில் ஏறும்முன் தங்கம் அம்மாள் நின்றார். மேலே தம் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. அவர் பயந்தது இதைத்தான்.

சாவியை என் கையில் வைத்தார். சேட்டிடம் சம்பளம் வாங்கும் என் கையில்.

"பகவதியை மேலே இருக்கச் சொல்லுங்கோ. சும்மா இருக்க வேண்டாம். சமைக்கச் சொல்லுங்கோ. தாளிக்கற வாசனை ரோடு வரைக்கும் வரணும்."

பக்கத்தில் நின்ற பகவதி தயங்கினாள். "உங்க அடுப்புல நான்... பெரியம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அடுப்பு எரியணும். அவ்வளவுதான்."

டாக்ஸி போய்விட்டது.

மே 2, வியாழன்

சேட் ஆள் வந்தான். அண்ணாந்து பார்த்து, "தோ நம்பர் மாலா காலி ஹை?" என்றான். இரண்டாம் மாடி காலிதானே.

இல்லை, ஆள் இருக்கிறது என்றேன்.

அவன் நம்பவில்லை. படி ஏறப் போனான். கா.பா. உளியை எடுக்காமலே, "அந்தப் பக்கம் கால் வைக்காதே, ஆணி அடிக்கல" என்றார். அப்போது மேலிருந்து கடுகு வெடிக்கும் சத்தம், பெருங்காய மணம். பகவதி ஜன்னலில் வந்து நின்று, ஈரத் துணியை உதறிக் காயப்போட்டாள். சொந்த வீடு மாதிரி.

அவன் போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக்கு ரசம் எடுத்துப்போனேன். பெரியம்மாவுக்குத் தேவலை. தங்கம் அம்மாள் முகம் வாடியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ரெண்டாவது பாதி ஆரம்பிச்சாச்சா?"

மே 4, சனி

சேட்டே வந்துவிட்டார். வாசலில் கார். மேலே எல்லா ஜன்னலிலும் முகங்கள்.

"யே க்யா ஹை? என்ன இது, நான் காலி செய்யத்தானே சொன்னேன்" என்று ஹிந்தியில். உரக்க இல்லை.

என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "படி மாத்தச் சொன்னீங்க. மாத்திட்டிருக்கோம்" என்பது மட்டும் வந்தது. என் ஹிந்தியில் அது இன்னும் மோசம்.

அவர் படியில் ஏறினார். முடிந்த பாதியில். முதல் மாடியில் பேங்க் அய்யர் வேட்டியை இறக்கிவிட்டு வணக்கம் சொன்னார். இரண்டாம் மாடியில் பகவதி ஒரு டம்ளர் மோர் நீட்டினாள். குடித்தார். அந்த வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். படுக்கை, சுவாமி படம், கொடியில் துணி.

இறங்கும்போது கைப்பிடியில் கை வைத்தபடி வந்தார். கீழே வந்து, "முடிக்கட்டும். அப்புறம் உன் விஷயம்."

கார் போனதும் பகவதியிடம் பாத்திரங்களைக் கட்டி வைக்கச் சொன்னேன். "கட்டுவோம், கட்டுவோம். மொதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

மே 11, சனி

படி முடிந்தது. மெருகெண்ணெய் காய்கிறது. அழகு. தேக்கு நிறம். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

சேட் வந்தார், இந்தத் தடவை அடுத்த கட்டடத்துக்காரரோடு. அவர் கட்டடத்திலும் படி ஆட்டமாம். யாரும் காலி செய்யாமல் எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டார் அவர்.

"பாதி பாதியாகச் செய்யச் சொன்னேன்" என்றார் சேட். "குடியிருப்பவர்களை எங்கே அனுப்புவது, பாவம்."

கா.பா. சடாரென்று திரும்பிச் சுவரைப் பார்த்தார். தோள் குலுங்கியது.

போகும்போது சேட் என்னிடம், பின்சுவர் விரிசலுக்கும் ஓர் ஆளைப் பார்க்கச் சொன்னார். என் விஷயம் என்று எதுவும் பேசவில்லை. பூட்டுச் சாக்கை எடுத்து டிக்கியில் போடச் சொன்னார். போட்டேன். பகவதி கட்டின பாத்திரங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மே 14, செவ்வாய்

மேகம். புழுக்கம். பெரியம்மா வீடு திரும்பினார்.

அதே நாற்காலி. கா.பா. வேலை முடிந்தும் இதற்காக வந்திருந்தார். இப்போது முழு அகலம், இரண்டு பேரும் பக்கத்துக்கு ஒருவராகத் தூக்கினோம். தங்கம் அம்மாள் முன்னால். பகவதி சாவியோடு மேலே.

முதல் மாடித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அங்கே பெரியம்மா கையைத் தூக்கினார். "கொஞ்சம் இங்கேயே வையுங்கோ."

வைத்தோம். தெருவைப் பார்த்தார். பூக்காரி, பஸ், எதிர்க் கடையில் இட்லிக்குக் கூட்டம். எத்தனையோ வருஷமாகக் கூரையை மட்டும் பார்த்தவர்.

"ஏண்டி, ரோடு இவ்வளவு பெரிசாயிடுத்தா?"

"ஆமாம்மா. ஆயிடுத்து."

தங்கம் அம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் கசங்கின புடவையோடு, அம்மாவின் காலடியில். கன்னத்தில் கை. ஓர் ஐந்து நிமிஷம் எதையும் நடத்தாமல், யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் அவர் இருந்து நான் பார்ப்பது இதுதான் முதல்.

கீழே பேங்க் அய்யர் காய்கறிப் பையோடு வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். யாரும் வழி கேட்கவில்லை. கா.பா. குனிந்து, ஒரு பலகையின் ஓரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.