நீல வாளியில் வந்த வெந்நீர்

இன்று காலை மகள் நம்முடைய நீல வாளியைக் கொண்டுபோய்த் தெருவோரப் புல்லில் வைத்துவிட்டாள். கவுன்சில்காரர்கள் பழைய சாமான் அள்ள வருகிற கிழமை இது. எங்கள் கிளென் வேவர்லிப் பகுதி முழுவதும் வீட்டு வாசல்களில் உடைந்த கதிரைகளும் மெத்தைகளும் குந்திக்கொண்டிருக்கின்றன. அவற்றோடு உங்கள் வாளியும்.

“அம்மா, இட்ஸ் கிராக்ட். தண்ணி நிக்காது. வை டு யூ கீப் திஸ்?” என்று கேட்டாள். அவளுடைய அப்பா நீங்கள் கண்மூடியபோது உங்களுக்கு இருந்த வயதை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள். என்னைச் சின்னப்பிள்ளையைப் போலப் பார்க்கிறாள்.

அவளுடைய கார் போனதும் வெளியே போய் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். பாதி உயரத்தில் அந்தச் சிவப்பு வளையம் அப்படியே இருக்கிறது. பிளாஸ்ரிக் வாளி எப்படித் துருப்பிடிக்கும் என்று இத்தனை வருடத்தில் அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனோ தெரியாது. உங்களுக்குத்தான் எழுத வருகிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் தெரிந்த கதையைத் திருப்பிச் சொன்னால் முகம் சுளிக்காமல் கேட்ட ஆள் நீங்கள் ஒருவர்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. இதே ஊரில், ஓக்லிப் பக்கம் அந்த இரண்டு அறை வீட்டில் இருந்தோம். உங்களுக்கு நகரத்தில் ஒரு கந்தோரில் படம் வரைகிற வேலை. முதலில் படியில் தடக்குப்பட்டீர்கள். பிறகு ட்ராமில் ஏறும்போது இடது கால் சொல்வழி கேட்கவில்லை. “புதுச் சப்பாத்து, அதுதான்” என்றீர்கள். சப்பாத்தை மாற்றியும் பார்த்தோம். கடைசியில் பெரிய டொக்டர் ஒருவர் உங்களைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். வெளியே வந்து, ட்ராமில் எனக்குப் பக்கத்தில் இருந்து, கடைக்குப் போய்வந்தவர் சொல்வதுபோலச் சொன்னீர்கள்: “தசை கரையிற வருத்தமாம். காலிலை துவங்கி மேலை வருமாம். மருந்து இல்லையாம்.”

“வேறை டொக்டரைப் பாப்பம்.”

“அவரும் இதைத்தான் சொல்லுவார். இறங்கும், எங்கட இடம் வந்திட்டுது.”

எனக்கு உங்கள் மேலே கோபம் வந்தது. வருத்தத்தின் மேல் கோபப்பட முடியாதவள் வேறு யார்மேல் கோபப்படுவது?

நம்பிக்கை பக்கத்து வீட்டிலிருந்துதான் வந்தது. மரியா. கறுப்பு உடுப்பும் கையில் எப்போதும் ஏதாவது பலகாரத் தட்டுமாக வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அந்தக் கிரேக்கப் பெண். அவளுடைய தகப்பனும் இப்படித்தான் கால் இழுபட்டுக் கிடந்தாராம். அவளுடைய நாட்டில் ஒரு தீவு இருக்கிறதாம், கடலுக்கு நடுவே எரிமலை, அதன் அடியிலிருந்து வெந்நீர் ஊறி வருகிறதாம். அதில் குளித்துவிட்டு அவர் எழும்பி நடந்தாராம். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம், எனக்குத் தெரிந்த கிரேக்கம் சுத்தமாக இல்லை. ஆனாலும் அவள் வேலிப் பலகையைத் தன் தகப்பனின் காலாகப் பிடித்து, உருவி, நிமிர்த்திக் காட்டியது எனக்கு வடிவாக விளங்கியது.

வெந்நீர் ஊற்று என்றதும் எனக்கு வேறெது நினைவுக்கு வரும்? உங்கள் ஊர்த் திருகோணமலையின் கன்னியாதான். சதுரமாகக் கட்டிய ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றுவது. கலியாணம் முடித்த புதிதில் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், ஆகச் சூடான கிணற்றுத் தண்ணீரைச் சொல்லாமல் கொள்ளாமல் என் முதுகில் ஊற்றிவிட்டுச் சிரித்தீர்களே, அது. ஆகவே நான் கிரேக்கத்துக்கு வாளி கட்டினேன். நீல வாளி, அதற்குள் செம்பு, துவாய், முழுகியபின் காலில் பூச மரியா தந்த ஒலிவ் எண்ணெய். கிணற்றடியில் அள்ளிக் குளித்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரிக்குக் குளிப்பு என்றால் வாளி. அதில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீங்கள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “கன்னியாவுக்கு ஆக்கள் செத்தாப் பிறகுதானப்பா காரியம் செய்யப் போறது” என்றீர்கள். “நீர் கொஞ்சம் அவசரப்படுறீர்.”

வாளியை உங்கள்மேல் எறியாதது என் பொறுமை.

மகளை மரியாவிடம் விட்டோம். லண்டனில் என் தமையனைப் பார்க்கப் போகிறோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, வழியில் ஏதென்ஸில் இறங்கினோம். அங்கிருந்து கப்பல். சந்தோரினி என்ற அந்தத் தீவு கடலிலிருந்து சுவர்போல எழும்பி நின்றது. கறுப்பும் சிவப்புமான பாறை, உச்சியில் மட்டும் வெள்ளை வீடுகள். மேலே ஏறக் கழுதைதான். உங்களை இரண்டுபேர் தூக்கி அதில் இருத்தினார்கள். “மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட எனக்குக் கார்தான் பிடிச்சவை” என்று நீங்கள் சிரித்தீர்கள். பின்னால் வாளியோடு நான். அந்தக் கழுதைக்காரர்கள் என்னைப் பால்காரி என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்தநாள் விடியவே மறுபடி கழுதையில் கீழே வந்து படகு ஏறினோம். முழுநாள் பயணம். முதலில் எரிமலை, பிறகு வெந்நீர், பிறகு தீவைச் சுற்றிவந்து மாலையில் கரை. எரிமலையில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். கரிக்கட்டையைக் குவித்துவைத்ததுபோன்ற மலை. உங்களால் ஏற முடியாது, ஆகவே நாம் இருவரும் படகிலேயே இருந்தோம். மேலே புகை வருகிறதா என்று நீங்கள் கேட்டீர்கள். “ஓம், வருது” என்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அடுத்து வரப்போகிற இடத்தை.

அந்த இடம் வந்தது. படகு நின்றது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். கிணறு இல்லை, கட்டு இல்லை, படி இல்லை. இரண்டு கரும்பாறைகளுக்கு நடுவே ஒரு சின்னக் குடா, அதன் கடைசியில் தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சத் தண்ணீர். படகுக்கும் அதற்கும் இடையில் ஒரு ஒழுங்கைத் தெரு நீளத்துக்கு ஆழமான கருநீலக் கடல். படகுக்காரக் கிழவர் எங்கள் பக்கத்துத் தண்ணீரைக் காட்டி உடம்பை நடுக்கிக் காட்டினார். தூரத்தைக் காட்டி, “செஸ்தோ, செஸ்தோ” என்றார். சூடு. மரியா எனக்குச் சொல்லித்தந்த ஒரே சொல் அதுதான். மற்றவர்கள் படார் படார் என்று குதித்து, குளிரில் கூச்சலிட்டு, நீந்திப் போனார்கள்.

நான் வாளியோடு நின்றேன். எனக்கு நீந்தத் தெரியாது. உலகத்தின் பாதியைக் கடந்து வந்து, கண்ணுக்கு முன்னால் இருக்கிற தண்ணீரை அள்ள முடியாமல் நின்றேன். அழுகை வந்துவிட்டது. ஒளிக்காமல் அழுதேன்.

“இஞ்சை, அழாதையும். வாளியைத் தாரும்” என்றீர்கள்.

“என்னத்துக்கு?”

“நீந்தப்போறன். கால்தானே போயிட்டுது, கை இருக்கு.”

வேண்டாம் என்று நான் சொல்ல முன்னமே போட்டிருந்த சேட்டைக் கழற்றிவிட்டீர்கள். திருகோணமலைக் கடலில் வளர்ந்த பிள்ளை. பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன்காரன் உங்களைத் தாங்கி ஏணியால் இறக்கினான். தண்ணீரில் விழுந்ததும் நீங்கள் வேறு ஆள். கால் பின்னால் இழுபட, கை மட்டும் வீச்சு வீச்சாகப் போனது, வாளி முன்னால் மிதந்தது. அந்தச் சிவப்புத் தண்ணீருக்குள் போய் என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினீர்கள். மாதக்கணக்கில் உங்களை நிமிர்ந்த மனிதனாக நான் கண்டது அங்கேதான். கழுத்தளவு தண்ணீரில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் நிற்கிறார்கள். உங்களுக்கு வருத்தம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நடந்துவிடும், மரியாவின் தகப்பனுக்கு நடந்தது உங்களுக்கும் நடந்துவிடும் என்று நான் அந்தக் கொஞ்சநேரம் முழுதாக நம்பினேன்.

படகு ஊதியது. எல்லோரும் திரும்பினார்கள். நீங்கள் கடைசி. மல்லாந்து நீந்தினீர்கள். ஒரு கை வீசியது, மற்றக் கை நெஞ்சோடு வாளியை அணைத்திருந்தது. வாளிக்குள் எனக்காக வெந்நீர். அலை ஒவ்வொன்றும் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதை நான் மேலே நின்று பார்த்தேன். ஏணியடியில் வந்தபோது உங்களுக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம். ஜெர்மன்காரன் முதலில் வாளியைத்தான் வாங்கினான், நீங்கள்தான் அதை முதலில் நீட்டினீர்கள்.

உங்களைப் படகின் வாங்குப் பலகையில் இருத்தித் துடைத்தேன். காலை நீட்டச் சொன்னேன். ஒரு கால் தானாக நீண்டது, மற்றதை நான் தூக்கிவைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. செம்பை எடுத்து வாளிக்குள் கையை விட்டேன்.

பச்சைத்தண்ணீர். குளிர்ந்த கடல். அடியில் கொஞ்சம் சிவப்பு மண் மட்டும் நின்றது.

நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “இன்னும் சூடிருக்கு” என்றேன்.

“ஓம்” என்றீர்கள்.

அள்ளி உங்கள் முழங்காலில் ஊற்றினேன். உங்களுக்குத் தசைதான் கரைந்தது, உணர்ச்சி எங்கேயும் போகவில்லை. குளிரில் மயிர் சிலிர்த்துப் புள்ளி புள்ளியாக எழும்பியது. “இதமா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்தும்” என்றீர்கள். பாதி வாளி ஊற்றினேன். பிறகு என்னால் முடியவில்லை.

நேரம் அப்போது மத்தியானம்கூட ஆகவில்லை. வந்த காரியம் முடிந்துவிட்டது, படகு மட்டும் முடியவில்லை. கிழவரிடம் போய்க் கரைக்குத் திருப்ப முடியுமா என்று கையைக் காலை ஆட்டிக் கேட்டேன். அவர் தன் கையால் காற்றில் பெரிய வட்டம் ஒன்று போட்டுக் காட்டினார். முழுத் தீவையும் சுற்றித்தான் கரை.

“முழுநாளுக்கெண்டுதானே ஏறினனாங்கள்” என்றீர்கள். “இருந்து பாப்பம்.”

இருந்து பார்த்தோம். சிவந்த மலை வந்தது, வெள்ளை மலை வந்தது, கறுப்பு மணல் வந்தது. மற்றவர்கள் மீன் பொரியல் சாப்பிட்டுப் பாட்டுப் பாடினார்கள். ஒரு கிழவி எனக்குக் கொடிமுந்திரிகைக் குலை ஒன்று தந்தாள். மிச்சத் தண்ணீரைக் கடலில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை, வாளியை மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன்; அந்தச் சிவப்பு மண் பாதி உயரத்தில் வளையமாகப் படிந்தது. நீங்கள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டீர்கள். அவ்வளவு அழகான இடத்தை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. அந்த அழகின் மேல் எனக்கு இன்றைக்கும் வெறுப்புத்தான்.

திரும்பி வந்தபோது மரியா வேலியடியில் நின்றாள். உங்களைக் காரிலிருந்து இறக்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அடுத்தநாள் வழக்கத்தைவிடப் பெரிய பலகாரத் தட்டு வந்தது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் நம்பித்தான் சொன்னாள்.

அதன்பிறகு இரண்டு குளிர்காலம். கை போனது. கரண்டி என் கைக்கு வந்தது. விழுங்குவது போனது. ஒவ்வொன்று போகும்போதும் நீங்கள் சொன்னது அதே சொல்தான், “இருந்து பாப்பம்.” கடைசியில் அந்தச் சொல்லும் போனது. பிறகு கண்ணிமைதான். ஒருதரம் மூடித் திறந்தால் ஓம்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மத்தியானம் உங்கள் கால்மாட்டில் இருந்து இரண்டு பாதங்களையும் என் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தேய்த்தும் சூடு ஏறவில்லை. வாளிக்குள் கையை விட்டபோது இருந்த அதே குளிர். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். “சூடாத்தான் இருக்கு” என்றேன்.

உங்கள் இமை மெல்ல இறங்கியது, ஏறியது.

கேரம் டவுன்ஸில் நம்மவர் கோயில் கட்டியபிறகு எல்லோரும் போகிறார்கள் என்று நானும் போய்வருகிறேன். உங்கள் பேரில் அர்ச்சனை செய்வேன். என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்புவேன். கேட்கவேண்டியதை எல்லாம் அந்தக் குடாவில் கேட்டு முடித்துவிட்டேன்.

வாளியைப் புல்லிலிருந்து திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மகள் கண்டால் பேசுவாள், பேசட்டும். துணி தோய்க்கிற அறையில் வைத்துச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தேன். வெடிப்பு வழியாகத் தண்ணீர் ஒழுகி நிலம் நனைந்தது. சிவப்பு வளையம்வரை நிறைந்ததும் குழாயை மூடிவிட்டுக் கையை உள்ளே விட்டேன். நல்ல சூடு. எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். தண்ணீர் இறங்கிக்கொண்டே போய், அடியில் கொஞ்சம் மட்டும் நின்று, அதுவும் ஆறிவிட்டது.

“இன்னும் சூடிருக்கு” என்று சொல்லிப் பார்த்தேன்.

ஓம் சொல்ல ஒருவரும் இல்லை.