பறக்கும் மீன் வலை

மார்ச் 3, திங்கள்
பாய்மரக் கப்பல் கூடத்தில் நூறு வருடத்து மீன் வலையை இன்று மாட்டி முடித்தேன். ஏணியில் ஏறி இறங்கி இடுப்பு விட்டுப்போயிற்று. காப்பாளர் அம்மா கைதட்டினார். கடலில் கால் நனைக்காத நான் அருங்காட்சியகத்தின் மீன்பிடிப் பிரிவுக்குப் பொறுப்பாளர்! மாமனாரோ இன்னமும் படகு ஓட்டுகிறவர். கல்யாணமாகி ஆறு வருடம். என்னை ஒருமுறைகூட "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதில்லை. "ஆபீஸர்"தான். அதுவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மார்ச் 5
"சனிக்கிழமை அப்பா கூட்டாளிங்க எட்டுப் பேரைக் கூட்டிட்டு வர்றாராம், உங்க வலையப் பார்க்க" என்றாள் மனைவி. போன வாரம் அவரிடம் பெருமையடித்தது நான்தானே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 7
ஐயோ. சாப்பிடும்போது ஒரு பழைய புகைப்படம் கண்ணில் பட்டது. வலையில் மிதவைக் கட்டைகள் மேலே, ஈயக்குண்டுகள் கீழே. என் வலையில் குண்டு மேலே, கட்டை கீழே! கொக்கியில் மாட்டக் குண்டுக் கயிறு வசதியாக இருந்தது, மாட்டிவிட்டேன். ஏணியை வெள்ளையடிக்கிறவர்கள் வாங்கிப் போய்விட்டார்கள், திங்கள்தான் வருமாம். காய்ச்சல் என்று லீவு போடலாமா? மானம் கப்பலேறப் போகிறது — கப்பல் வேறு பக்கத்திலேயே நிற்கிறது.

மார்ச் 8
வந்தார்கள். ஒன்பது பேரும் வலை முன்னால் நின்றார்கள். ஒருவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னொருவர் குனிந்து, கால்களுக்கு நடுவே தலைகீழாகவே பார்த்துவிட்டார். மாமனார் வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"என்னடா முழிக்கிறீங்க? இது பறக்குற மீனுக்குப் போடுற வலை. மேலேர்ந்து விழும். எங்க தாத்தா வச்சிருந்தாரு."

எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல். காப்பாளர் அம்மா மட்டும் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

மார்ச் 10
ஏணி வந்தது. அதற்கு முன்பே பலகை வந்துவிட்டது: "பறக்கும் மீன் வலை — மிக அரியது."

மார்ச் 12
அடுத்த வாரம் ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்களாம். மாமனார் அவர்களைப் படகில் கூட்டிப்போய் அந்த வலையை வீசிக் காட்ட வேண்டுமாம். அவரே போனில் கூப்பிட்டார். "மாப்பிள்ளை..." — யாருக்கோ போட வேண்டிய போன் என்று நினைத்தேன்.

"மாப்பிள்ளை, என்னைக் காப்பாத்துங்க."

மார்ச் 13
காப்பாளர் அம்மாவிடம் உண்மையைக் கக்கிவிட்டேன். தலைகீழாக மாட்டியது நான், மாமா என் மானத்துக்காகப் பொய் சொன்னார் என்று. வேலை போயிற்று என்றே நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "சரி, ஆராய்ச்சியாளர்களை வர வேண்டாம்னு சொல்லிடறேன். இனிமே நீங்க மாட்டும்போது அவர் கீழ நிக்கட்டும்."

மார்ச் 15
வலை நிமிர்ந்தது. நான் ஏணியில், மாமனார் கீழே. "இடது பக்கம் இழுங்க மாப்பிள்ளை! ஐயோ, அது வலது மாப்பிள்ளை! கண்ணு எங்க இருக்கு மாப்பிள்ளை?"

பதினான்கு முறை "மாப்பிள்ளை" போட்டுத் திட்டினார். எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். பதினைந்தாவதற்காக ஒரு முடிச்சை வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன்.